அணைமேல் நின்ற நாலாம் மாடி

1

கேப்டன் எரிமலை ஹெலிகாப்டரிலிருந்து குதித்தான். வலது கையால் பாராசூட் கயிற்றை இழுத்தான். இடது கையால் செல்ஃபி எடுத்தான். கீழே எதிரியின் பீரங்கிகள் முழங்கின. போனில் லைக்குகள் குவிந்தன. ‘இறங்கிட்டே இருக்கேன் மக்களே, சப்போர்ட் பண்ணுங்க’ என்று அவன் டைப் செய்து முடிப்பதற்குள்...

முடிப்பதற்குள் அவனைக் கொன்றுவிட்டேன்.

வேறு வழியில்லை. போனில் லொகேஷனை ஆன் செய்துவைத்துக்கொண்டு எதிரி நாட்டுக்குள் குதிக்கிறவனை எத்தனை வரிகள்தான் உயிரோடு வைத்திருப்பது? ஆள் விழுந்த இடத்தில் புகை அடங்குவதற்குள் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து போன்.

உண்மையில் கதை ஆரம்பித்ததே அவருடைய முதல் போனில்தான். அதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போகிறேன்.

“சார், போர் ஒண்ணு வேணும்.”

“எப்ப?”

“வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள போரா?”

“சின்னப் போர் போதும் சார். ஆனா உள்ள ரீல்ஸ், லைவ், ஃபார்வர்ட் எல்லாம் வரணும். அப்புறம், ‘தொடரும்’ போடாதீங்க. ஒரே இதழ்ல முடியணும். இப்பல்லாம் யாரும் அடுத்த வாரம் வரைக்கும் மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கறதில்ல.”

சலூன் பெஞ்சில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்து வளர்ந்தவன் நான். கத்தி ஓங்கிய கையோடு ஒருவனை ஏழு நாள் நிற்கவைக்கத் தெரியும். முடித்துவைக்கத்தான் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டு டி.வி.யைப் போட்டேன். ஏதோ இரண்டு நாடுகளுக்குள் சண்டை. கையிலிருந்த போனில் அதைவிடப் பெரிய சண்டை: எங்கள் குடியிருப்பின் குரூப்பில், மொட்டை மாடியில் காயப்போட்ட மெத்தையை நனைய விட்டது யார் என்று. டி.வி.யை அணைத்துவிட்டேன். மெத்தைச் சண்டைதான் விறுவிறுப்பாக இருந்தது.

கதை அங்கே பிடிபட்டது.

2

[இரண்டு நாடுகளுக்கும் பெயர் வைத்துப் பார்த்தேன். எந்தப் பெயர் வைத்தாலும் எங்கேயோ ஒரு தூதரகத்துக்குக் கோபம் வரும்போல் இருந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இருக்கட்டும்.]

அந்தப் பக்கத்துத் தலைமையகம். நிலவறை. ஒரே ஒரு பல்பு ஆடிக்கொண்டிருந்தது. (த்ரில்லரில் பல்பு ஆடாமல் இருந்தால் வாசகர்கள் ஏமாந்துபோவார்கள்.) பல்புக்குக் கீழே கர்னல். ஒரு காலத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். இப்போது சமூக வலைத்தளப் படைப்பிரிவின் தளபதி. எதிரில் லேப்டாப்போடு வரிசையாக வீரர்கள்.

“போன வாரம் நாம விட்ட வதந்தி என்னாச்சு?”

“போச்சு சார். லைக்கே வரல. வந்த கொஞ்சமும் நம்ம ஆபீஸ்தான்.”

“எதிரி நம்ம பொய்யைக்கூட ஷேர் பண்ண மாட்டேங்கறான்னா, நாம என்னய்யா ராணுவம்?”

“அணை உடைஞ்சதா ஒரு வீடியோ போட்டோமே சார், அதுக்கு நிறைய கமெண்ட் வந்துச்சு.”

“பயந்தாங்களா?”

“இல்ல சார். ‘இது வேற நாட்டு அணை, பழைய வீடியோ, அட்மின் கவனிக்கவும்’னு போட்டிருக்காங்க.”

கர்னல் மேஜையைக் குத்தினார். பல்பு இன்னும் கொஞ்சம் ஆடியது.

அவருடைய திட்டம் எளிமையானது, கொடுமையானது. இந்தப் பக்கத்து நகரத்தின் தாழ்ந்த பகுதி ஆற்றை ஒட்டி இருக்கிறது. மேலே ஒரு அணை. தாழ்ந்த பகுதியிலிருந்து மேட்டுக்குத் தப்பிப்போக ஒரே ஒரு பாலம். அந்தப் பாலத்தின் மேல் கர்னலின் பீரங்கிகள் குறிவைத்துக் காத்திருக்கின்றன. அணை உடைந்துவிட்டது என்று ஊர் நம்பினால், அத்தனை ஜனமும் பாலத்தில் ஏறும்.

“நிஜ அணையில, இன்னைக்கு வெயில்ல எடுத்த படம் வேணும். உடைக்கற வேலையை நாம கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம். அங்க நம்ம ஆள் யாரு இருக்கான்?”

“ஒருத்தன் இருக்கான் சார். அங்க ஒரு குடியிருப்புல, நாலாவது மாடியில.”

3

அந்த ஆளோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதல் வரைவில் கன்னத்தில் தழும்பு வைத்தேன். தழும்போடு வந்து நின்றால் யார் வீடு வாடகைக்குக் கொடுப்பார்கள்? எடுத்துவிட்டேன். கறுப்புக் கண்ணாடி வைத்தேன். படிக்கட்டில் இடறி விழுந்தான். எடுத்துவிட்டேன். ‘அவன் கண்களில் ஈரமே இல்லை’ என்று எழுதினேன். அடுத்த வரியிலேயே பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். கேட்காமலே செய்தான். எழுதுகிறவன் கையில் ஒன்றுமில்லை என்று எழுத்தாளர்கள் பேட்டியில் சொல்லும்போது சிரித்திருக்கிறேன். இனிமேல் சிரிக்க மாட்டேன்.

மிச்சம் இருந்தது, முப்பது வயதுப் பையன் ஒருத்தன், ஒரு கேமரா, ஒரு பெட்டி. போட்டோகிராபர் என்று சொல்லிக்கொண்டு குடிவந்தான். குடியிருப்பின் குரூப்பில் அவனைச் சேர்த்தார்கள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, வீடுதான். அவன் ‘நாலாம் மாடி’.

குரூப்பில் கலந்து பழகி, உளவு எழுதி அனுப்பவேண்டும் என்பது உத்தரவு. அவன் அனுப்பிய முதல் அறிக்கை:

‘தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்பதில் ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் கடும் மோதல். மொட்டை மாடி ஏ பிளாக்கின் கட்டுப்பாட்டில். பி பிளாக் பின்வாங்க மறுக்கிறது.’

உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது என்று கர்னல் மேலிடத்துக்குச் சொல்லி, பாராட்டும் வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் கதாநாயகனைத் தேடிக்கொண்டிருந்தேன். எரிமலை செத்துவிட்டான். வேறொரு வீரனை இறக்கலாமா, அவனுக்கு ஒரு தங்கச்சி, அந்தத் தங்கச்சிக்குக் கண்... (வேண்டாம்.) அப்போதுதான் அந்தக் குரூப்பின் அட்மின் உள்ளே வந்தாள்.

பல் டாக்டர். தரைத் தளத்தில் கிளினிக், மேலே வீடு. ஐம்பதைத் தாண்டியவள். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி. எல்லாருக்கும் டாக்டரம்மா. குரூப்பின் தலையில் அவள் ஒரே ஒரு விதி எழுதி வைத்திருந்தாள்: ‘கண்ணால் பார்த்ததை மட்டும். சொந்தக் குரலில்.’

போர் ஆரம்பித்த நாளிலிருந்து அவள் குரூப்பில் ஃபார்வர்ட் கிடையாது. செய்தி என்றால் வாய்ஸ் மெசேஜ். பார்த்தவன், பார்த்த இடத்திலிருந்து, வாயைத் திறந்து சொல்லவேண்டும்.

பி பிளாக் மாமா ஒருநாள் டைப் செய்தார்: ‘மந்திரி ராஜினாமா! தலைநகர் காலி!’

டாக்டரம்மாவின் குரல் வந்தது: “மாமா, கண்ணால பாத்தீங்களா?”

“இல்லம்மா, என் மச்சானுக்கு ஒருத்தர்...”

“அப்ப மச்சானைப் பேசச் சொல்லுங்க.”

“அவனும் பாக்கலியாம்.”

“அப்ப அந்த ஒருத்தரை வரச் சொல்லுங்க. பல்லையும் பாத்து அனுப்பறேன்.”

மாமா இரண்டு நாள் குரூப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள், ‘பால் வண்டி வந்துடுச்சு, நான் வண்டி பக்கத்துலதான் நிக்கறேன்’ என்று மூச்சு வாங்கச் சொன்னார். ஊரே கை தட்டியது.

ஏன் குரல்? அதற்கு அவளிடம் தொழில் சார்ந்த காரணம் இருந்தது. “கிளினிக்ல நிரப்பிக் குடுக்கச் சொல்லி ஒரு பேப்பர் குடுப்பேன். அதுல எல்லாருமே ரெண்டு வேளை பல் தேய்க்கறவங்கதான். அதையே நேர்ல கேட்டா எச்சில் முழுங்குவாங்க. எனக்கு அது கேக்கும்.”

இதை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். முப்பது வருஷமாகத் துப்பாக்கியோடு ஆட்களைப் படைத்தவன் நான். ஒருத்தருக்கும் இப்படி ஒரு ஆயுதம் கொடுக்கத் தோன்றவில்லை.

4

நாலாம் மாடிக்கு ஈறு வீங்கியது.

(இங்கே ஒரு பழைய தந்திரத்தை முயன்றேன். ஒற்றர்களின் கடைவாய்ப் பல்லுக்குள் விஷக்குப்பி இருக்குமில்லையா, அது அந்த வீக்கத்துக்குப் பக்கத்துப் பல்லில் இருக்கிறது; டாக்டரம்மா அதைக் கண்டுபிடிக்கிறாள்! எழுதிப் பார்த்தால் மூன்றே பக்கத்தில் போலீஸ் வந்து கதை முடிந்துவிட்டது. குப்பியைப் பிடுங்கிவிட்டேன். அவன் பல் சுத்தம். வெறும் ஈறுதான்.)

படிக்கட்டில் அவன் முகத்தைப் பார்த்தவள் விடவில்லை. “இந்த மூஞ்சியோட எங்க போற? உள்ள வா.”

விசாரணையைத் தாங்குவதற்கு அவனுக்குப் பயிற்சி உண்டு. தூக்கமில்லாமல், தண்ணீரில்லாமல், கண்ணில் விளக்கடித்தாலும் வாய் திறக்காமல் இருக்கப் பழகியவன். இங்கேயும் கண்ணுக்கு நேரே விளக்கு. ஆனால் வாயைத்தான் முதலில் திறக்கச் சொன்னார்கள்.

“ஆ காட்டு. பெருசா. சிகரெட்டா?”

“ஊஹும்.”

“ஹோட்டல் சாப்பாடா?”

“ம்.”

“சமைக்கத் தெரியாதா, சோம்பேறித்தனமா?”

வாயில் பஞ்சு. இதற்கு எப்படித் தலையாட்டுவது என்று தெரியாமல் விழித்தான்.

“அம்மா இருக்காங்களா?”

“ம்.”

“பேசுவியா?”

பஞ்சை எடுத்தாள். அவன் விளக்கையே பார்த்தான். வேலைக்கு வந்ததிலிருந்து அவன் வீட்டோடு பேசக்கூடாது. அவள் அதற்குமேல் கேட்கவில்லை. மருந்தை வைத்து, “இன்னைக்கு இந்தப் பக்கம் மெல்லாத. கஞ்சி அனுப்பறேன்” என்றாள்.

அந்த வாரம் லிஃப்ட் நின்றுபோனது. குரூப்பில் அவன் குரல் வந்தது: “டாக்டர், லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. நான் பார்த்தேன். உள்ளதான் இருக்கேன்.”

டாக்டரம்மா எல்லாருக்கும் சொன்னாள்: “கேட்டீங்களா? இதுதான் செய்தி. எல்லாரும் இந்தத் தம்பியைப் பாத்துக் கத்துக்குங்க.”

இருட்டு லிஃப்டுக்குள் நின்றபடி அவன் அதை மூன்று முறை போட்டுக் கேட்டான். அந்தப் பக்கத்து ராணுவம் அவனுக்கு ஒரு பதக்கம் கொடுத்திருந்தது. அதைப் பெட்டியின் எந்த அறையில் வைத்தான் என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

5

அந்தக் காலை. ஆபீஸுக்குக் கிளம்பும் நேரம்.

எல்லார் போனிலும் ஒரே சமயத்தில் வீடியோ வந்தது. அணையின் நடுச்சுவர் பிளக்கிறது. தண்ணீர் வெள்ளைச் சுவராக எழுந்து விழுகிறது. இந்த முறை இது வேறு நாட்டு அணை அல்ல. அதே கோபுரம், அதே மஞ்சள் கைப்பிடி. ஒரு பெண் குரல் கதறுகிறது: “தண்ணி வருது! பாலத்தைத் தாண்டி ஓடுங்க!”

தெருவில் ஷட்டர்கள் இறங்கின. ஸ்கூட்டரில் ஒரு வீட்டின் மொத்தப் பாத்திரமும் ஏறியது. குடியிருப்பின் வாசலில் எல்லாரும் பையோடு நின்றார்கள். பி பிளாக் மாமா ஒரு கையில் பேத்தி, மறு கையில் மிக்ஸி.

“டாக்டரம்மா, இதையாவது நம்புவீங்களா? அணை தெரியுது பாருங்க!”

டாக்டரம்மா அணை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ‘நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில்...’ டி.வி.யைப் போட்டாள். நாலு கட்டத்தில் நாலு பேர், உடைந்ததற்கு யார் பொறுப்பு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். உடைந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவள் நிலைமை இதுதான். அணை உடைந்திருந்தால், இருக்கச் சொன்ன அத்தனை பேரும் தண்ணீரில். உடையாமலிருந்தால், போகச் சொன்ன அத்தனை பேரும் பாலத்தின் மேல். பாலத்தில் இரண்டு முறை குண்டு விழுந்ததை அவர்கள் எல்லாருமே கண்ணால் பார்த்திருந்தார்கள்.

* மொட்டை மாடிக்குப் போகலாமே என்று ஒரு வாசகர் கண்டிப்பாக எழுதுவார். அந்த அணை உடைந்தால் மொட்டை மாடிக்கு மேலேயும் இரண்டு ஆள் உயரம் தண்ணீர் நிற்கும். அணை என்னுடையது. எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கும்.

ஜனம் வாசற்கதவைத் தள்ளியது. டாக்டரம்மா கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் போன்.

“யாராவது அணையைக் கண்ணால பாத்தீங்களா?”

“யாரு பாக்க முடியும்? அங்க யாரு இருக்கா?”

“ஒருத்தன் இருக்கான். காலையில கேமராவோட போனான். எங்கேன்னு கேட்டேன். அணைப் பக்கம், பறவை படம் எடுக்கன்னான்.”

எல்லாரும் அவளைப் பார்க்க, அவள் போனை வாயருகே கொண்டுபோனாள்.

“நாலாம் மாடி. எங்க இருக்க? அணையில என்ன நடக்குது? வாயைத் திறந்து சொல்லு. நீ சொல்றதை வச்சுத்தான் நாங்க கிளம்பணுமா இருக்கணுமான்னு முடிவு பண்ணப் போறோம்.”

அனுப்பிவிட்டாள்.

6

அவன் அணையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தான். விடிந்ததும் எடுத்த படம் எப்போதோ அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

இடது பக்கம் தண்ணீர், அசையாமல், வெயிலில் பளபளத்துக்கொண்டு. ஒரு நீர்க்காகம் மஞ்சள் கைப்பிடியில் உட்கார்ந்து இறக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்தது. வேஷத்துக்குச் சொன்ன பறவை நிஜமாகவே வந்து உட்கார்ந்ததில் அவனுக்கே கொஞ்சம் கூச்சம்.

இன்னொரு போன் காதில். மறுமுனையில் கர்னல்.

“வீடியோ பிச்சுக்கிட்டுப் போகுது! ஆனா பாலத்துல இன்னும் கூட்டம் ஏறல. என்னய்யா ஆச்சு?”

“யோசிக்கறாங்க சார்.”

“எதிரியை யாருய்யா யோசிக்கச் சொன்னது? நீ உன் குரூப்ல சொல்லு. உன்னை நம்புவாங்கன்னு நீதானே அறிக்கை அனுப்பின. அழுதுகிட்டே சொல்லு. ஒரு குரூப் கிளம்பினா, அதைப் பாத்து ஊரே கிளம்பும்.”

அப்போதுதான் டாக்டரம்மாவின் குரல் வந்து இறங்கியது. ஒரு காதில் கர்னல். மறு காதில் அவள்.

(இதுதான் ‘தொடரும்’ போடவேண்டிய இடம். முப்பது வருஷப் பழக்கத்தில் கை அந்த வார்த்தைக்குப் போய்விட்டது. ஆசிரியர் விட மாட்டார்.)

அவன் பொத்தானை அழுத்திப் பிடித்தான். மைக் ஓடிக்கொண்டிருந்தது. எச்சில் விழுங்கவேண்டும்போல் இருந்தது. விழுங்கவில்லை.

“டாக்டர், நான் அணை மேலதான் நிக்கறேன். சுவர் அப்படியே இருக்கு. தண்ணி அப்படியே இருக்கு. உடையல. வீடியோ பொய். யாரும் பாலத்துக்குப் போகாதீங்க. நான் கண்ணால பாத்துட்டு இருக்கேன்.”

விரலை எடுத்தான்.

கர்னலின் போனில் இதெல்லாம் கேட்டது. ஒரு நிமிஷம் அந்தப் பக்கத்து நிலவறையில் பல்புகூட ஆடவில்லை.

குடியிருப்பின் வாசலில் டாக்டரம்மா அந்தக் குரலைச் சத்தமாகப் போட்டாள். கண்ணை மூடிக் கேட்டாள். திரும்பவும் போட்டாள். பிறகு கண்ணைத் திறந்து சொன்னாள்:

“எச்சில் முழுங்கல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

“அப்ப மத்த தெருக்காரங்க?” என்றார் மாமா, மிக்ஸியைக் கீழே வைத்தபடி.

போர் ஆரம்பித்த நாளிலிருந்து அவள் குரூப்பில் நடக்காதது அப்போது நடந்தது. “இந்த ஒண்ணை மட்டும் ஃபார்வர்ட் பண்ணுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும். இப்பவே.”

நாலாம் மாடியின் குரல் தெருத் தெருவாகப் போனது. பால்கடை குரூப், பள்ளிக்கூடக் குரூப், ஆட்டோக்காரர்கள் குரூப், சம்பந்திகள் சண்டைபோட்டு மூடி வைத்திருந்த கல்யாணக் குரூப். ஸ்கூட்டரில் ஏறிய பாத்திரங்கள் இறங்கின. ஷட்டர்கள் மேலே போயின. பாலம் நாள் முழுவதும் காலியாகக் கிடந்தது. கர்னலின் முப்பது வருஷப் பீரங்கி அனுபவம் ஒரு வெறும் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவருடைய படைப்பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அத்தனை வேகமாகப் பரவிய ஒரே பதிவு அதுதான். அவருடைய ஆளே போட்டது.

7

அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமையே. ஆசிரியர் போன் செய்தார்.

“சார், நல்லா இருக்கு. சிரிச்சேன். ஆனா அவன் என்ன ஆனான்?”

“மூணு முடிவு எழுதி வச்சிருக்கேன்.”

ஒன்று: கர்னலின் ஆட்கள் அணைக்கு வருகிறார்கள். அவன் நீர்க்காகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். துப்பாக்கிச் சத்தம். பறவை மட்டும் பறக்கிறது. (இதை எழுதியபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.)

இரண்டு: அவன் குடியிருப்புக்குத் திரும்புகிறான். வாசலில் எல்லாரும் கைதட்டுகிறார்கள். கூட்டத்துக்குப் பின்னால் போலீஸ் ஜீப்.

மூன்று: அவன் கேமராவை அணையிலேயே வைத்துவிட்டு நடக்க ஆரம்பிக்கிறான். எந்தப் பக்கம் என்று...

“மூணாவதுல வாக்கியமே முடியலியே சார்.”

“முடிக்க மனசு வரல.”

“சரி, அது போகட்டும். எனக்கு வேற ஒரு பிரச்சினை. கதாநாயகி யாரு? அந்தப் பல் டாக்டர்தானே?”

“ஆமா.”

“அவங்க என்ன பண்ணிட்டாங்க? ஒரு ஒற்றனைப் போய், உண்மையைச் சொல்லுன்னு கேட்டாங்க. அவன் ‘உடைஞ்சிடுச்சு’ன்னு சொல்லியிருந்தா? ஊரே பாலத்துல ஏறியிருக்கும். கர்னலுக்கு என்ன வேணுமோ அதை அந்தம்மாவே தட்டுல வச்சு நீட்டியிருக்காங்க. அவன் யாருன்னு தெரியாம கேட்டாங்க, அவன் நல்லவனா இருந்துட்டான். இது அதிர்ஷ்டம் சார். அதிர்ஷ்டத்தை எப்படிப் பாராட்டறது?”

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை வைத்ததும் என் மனைவி வந்தாள். என் கதைகளை அவள்தான் முதலில் படிப்பாள். படித்ததைக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

“ஏங்க, அவர் சொல்றது சரிதானே?”

“நீயுமா?”

“பின்ன என்ன? அந்தம்மாவைத் தூக்கித் தலையில வச்சு ஆடறீங்க. கடைசியில பாத்தா கண்ணை மூடிக்கிட்டு எறிஞ்ச கல்லு காயில பட்டிருக்கு. அவ்வளவுதான். எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு. அதனாலதான் கோவம் வருது.”

எனக்கும் அவளைப் பிடித்திருக்கிறது. அந்த வார்த்தை போதாது. இத்தனை வருஷத்தில் நான் எழுதிய ஒருத்தருக்கு முன்னால் எழுந்து நிற்கத் தோன்றியது இதுவே முதல் தடவை. அவளை வெறும் அதிர்ஷ்டக்காரி என்று அச்சில் விட எனக்கு மனசில்லை.

அதனால், கையில் மறைத்து வைத்திருந்ததைக் காட்டிவிடுகிறேன். வாரப் பத்திரிகைக்காரன் ஒன்றையாவது மறைக்காமல் எழுதுவானா?

8

அணை நாளுக்குப் பல வாரங்களுக்கு முன்னால். ஒரு மத்தியானம்.

கிளினிக் நாற்காலியில் பி பிளாக் மாமா, வாயைப் பிளந்தபடி. வெளியே, கார் நிறுத்தும் கொட்டகையில் குடியிருப்புப் பிள்ளைகள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் இருந்த சந்தில் அன்று ராணுவ லாரிகள் வந்து நின்றிருந்தன.

டாக்டரம்மாவின் போன் மேஜையில் வெளிச்சம் காட்டியது. குரூப்பில் நாலாம் மாடி. குரல் அல்ல. எழுத்து.

‘கொட்டகையில விளையாடற பசங்களை உடனே உள்ள கூப்பிடுங்க’

விதியை மீறிவிட்டானே என்றுதான் முதலில் நினைத்தாள். திட்டுவதற்குப் போனைக் கையில் எடுத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி மறைந்தது. அந்த இடத்தில், ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’

வானம் வெறுமையாக இருந்தது. ஆபத்துச் சங்கு ஊதவில்லை. எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை.

மாமாவை அப்படியே வாய் திறந்த நிலையில் விட்டுவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் அவள் ஓடினாள். பந்தைப் பிடுங்கிக் கிளினிக்குக்குள் எறிந்தாள். பந்துக்குப் பின்னால் பிள்ளைகள் எல்லாரும் கத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். கதவைச் சாத்தினாள்.

அதற்கு அப்புறம்தான் சங்கு ஊதியது. அதற்கும் அப்புறம்தான் குண்டு விழுந்தது. புகை விலகியபோது லாரிகளும் இல்லை. கொட்டகையும் இல்லை.

குரூப் முழுக்க ‘எல்லாரும் பத்திரமா? பத்திரமா?’ என்று குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அந்த நீக்கப்பட்ட வரி கீழிருந்து மேலேறிக் கண்ணுக்கு மறைந்தது. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். கிளினிக் தரையில் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து, விரலால் திரையைக் கீழே இழுத்து இழுத்து அதையே பார்த்தாள்.

சங்கு ஊதுவதற்கு முன்னால் ஒருவனுக்குத் தெரிகிறதென்றால், லாரிகள் நிற்கும் இடத்தைச் சொன்னவனே அவனாகத்தான் இருக்கமுடியும். அது அவளுக்குப் புரிந்தது. சொல்லிவிட்டு, குண்டு கிளம்பிய பிறகு, பந்துச் சத்தம் நாலாவது மாடிக்குக் கேட்டிருக்கிறது. அதுவும் அவளுக்குப் புரிந்தது.

போலீஸ் நம்பரை எடுத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். போடவில்லை. செய்தது சரியா என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். “எனக்கும் தெரியல” என்றாள். எச்சில் விழுங்கவில்லை. மறுநாள் மறுபடி ஈறு காட்ட வந்தவனுக்கு, அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், மருந்து வைத்து அனுப்பினாள்.

ஆகவே அணை நாளன்று, பையோடும் பேத்தியோடும் நின்ற கூட்டத்துக்கு முன்னால், வெறும் பக்கத்து வீட்டுப் போட்டோகிராபர் என்று நினைத்து அவள் போனை எடுக்கவில்லை. அங்கே நிற்கிறவன் எதிரி என்று தெரிந்தேதான் கேட்டாள். அவன் எதற்காக அங்கே போயிருப்பான் என்பதைக்கூட அந்த நிமிஷத்தில் ஊகித்திருந்தாள். பந்துச் சத்தத்தைக் கேட்ட காது அது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவன் என்ன ஆனான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றை எடுத்தாலும் சரி, நாலாவதாக ஒன்று வைத்தாலும் சரி. எழுதும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எழுதியதை யாரும் படிக்குமுன் அழித்துவிட்டோம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவள் படித்துவிட்டாள் என்று அவனிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.